வீக் டி, பார்ஷியல் டி, ஆர்எச் ஜீன்: ரத்த வங்கி ஜன்னலில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரத்த வங்கி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே சந்தேகத்தோடு வேறு வேறு முகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் பாதி பதில் சொல்வதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன். இது உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மாற்று அல்ல. அவர் சொல்வது புரிவதற்கு உதவினால் போதும்.

"பாசிட்டிவ், நெகட்டிவ்னு எதைப் பார்த்துச் சொல்றீங்க?"

சிவப்பணுவின் மேல் டி என்ற ஆன்டிஜென், அதாவது எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணும் புரதம், இருக்கிறதா என்று பார்த்துத்தான். ஆர்எச் பாசிட்டிவ், ஆர்எச் நெகட்டிவ் என்பதும் இதுதான். உங்கள் அணுக்களில் ஒரு துளி, ஆன்டி-டி (டி-யைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி) கரைசலில் ஒரு துளி, இரண்டையும் கலந்து சுற்றுவோம். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் பாசிட்டிவ், ஆகாவிட்டால் நெகட்டிவ். ஏ, பி, ஓ என்பது தனிக் கணக்கு. அந்த ஜீன் 9ஆவது குரோமோசோமில் இருக்கிறது, டி-யின் ஜீன் 1ஆவதில். "ஏ1 பாசிட்டிவ்" என்று நாம் ஒரே மூச்சில் சொன்னாலும் இரண்டும் தனித்தனியாகத்தான் பிள்ளைகளுக்குப் போகின்றன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் பார்ப்பது கட்டியை, ஜீனை அல்ல. கீழே வரும் குழப்பங்களில் முக்கால்வாசி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

"ஆர்எச்னா குரங்குன்னு சொல்றாங்களே, நிஜமா?"

பெயர் ரீசஸ் குரங்கிலிருந்து வந்தது நிஜம். 1940இல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் அந்தக் குரங்கின் ரத்தத்தை முயலுக்கும் கினிப் பன்றிக்கும் செலுத்தி ஒரு ஆன்டிபாடியை, அதாவது அந்நியனைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதத்தை, எடுத்தார்கள். அது பெரும்பாலான மனிதர்களின் அணுக்களையும் கட்டியாக்கியது. அதற்கு முந்தைய வருஷமே லெவினும் ஸ்டெட்சனும், குழந்தை இறந்தே பிறந்த ஒரு தாயின் ரத்தத்தில் இதே போன்ற ஆன்டிபாடியைக் கண்டு எழுதியிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், குரங்கு வழியாகக் கிடைத்த ஆன்டிபாடி டி-யைப் பிடிக்கவில்லை, வேறொரு ஆன்டிஜெனைப் பிடித்தது என்று பிற்பாடு தெரிந்தது. அந்த ஆன்டிஜெனுக்கு அந்த இருவர் பெயரின் முதலெழுத்துகளையே சேர்த்து எல்டபிள்யூ என்று பெயர் வைத்தார்கள். குரங்கின் பெயர் மட்டும் நம் கார்டில் ஒட்டிக்கொண்டது.

"ஒரு ஆஸ்பத்திரியில ஓ பாசிட்டிவ், இன்னொண்ணுல ஓ நெகட்டிவ். யார் தப்பு பண்ணினது?"

சாம்பிள் மாறியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம். அதனால் முதல் வேலை, புதிதாக ரத்தம் எடுத்து மறுபடி பார்ப்பது. அதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை என்றால், இரண்டு இடமும் சரியாகவே செய்திருக்க வாய்ப்பு உண்டு.

சாதாரண பாசிட்டிவ் ஆளின் ஒவ்வொரு சிவப்பணுவிலும் டி சுமார் 10,000 முதல் 30,000 வரை இருக்கும். சிலருக்குச் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம்தான் இருக்கும். இவர்களைத்தான் வீக் டி என்கிறோம். அவ்வளவு குறைவாக இருந்தால் நேரடிச் சோதனையில் ஒரு கம்பெனியின் ஆன்டி-டி லேசாகக் கட்டியாக்கும், இன்னொரு கம்பெனியுடையது கண்டுகொள்ளாது. ஜெல் கார்டில் தெரிவது கண்ணாடித் தட்டில் தெரியாமல் போகும். ஒரு லேப் கூம்ஸ் கட்டம் (அணுவில் ஒட்டியும் கட்டியாக்காத ஆன்டிபாடியைக் காட்டும் கூடுதல் சோதனை) வரை போயிருக்கும், மற்றது முதல் கட்டத்தோடு நிறுத்தியிருக்கும்.

ரத்ததான முகாம் ஒன்றில் ஒரு இளைஞர், "நெகட்டிவ் ஆளுன்னு வாட்ஸ்ஆப் குரூப்ல எல்லாம் பேர் குடுத்திருக்கேன் சார், இப்ப மானம் போச்சே" என்றார். அவரை நெகட்டிவ் என்று சொன்ன லேபும் பொய் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

"என் பழைய கார்டுல டியூ பாசிட்டிவ்னு இருக்கு. அது என்ன புது குரூப்?"

புதிது அல்ல, பழைய பெயர். 1946இல் ஸ்ட்ராட்டன் என்பவர் இப்படிப் பலவீனமாக நடந்துகொள்ளும் டி-யை விவரித்தபோது வந்தது அது. இப்போது வீக் டி என்றே எழுதுகிறோம். அன்றைக்கு டியூ என்ற ஒரே பைக்குள் போட்டதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பல சரக்கு இருக்கிறது. அதுதான் இந்தப் பக்கத்தின் மீதிக் கதை.

"ஜீன் ஜீன்னு சொல்றீங்களே, ஆர்எச்சுக்கு எத்தனை ஜீன்?"

இரண்டு. ஆர்எச்டி என்பது டி-யைச் செய்கிறது. ஆர்எச்சிஇ என்பது பெரிய சி அல்லது சின்ன சி, பெரிய இ அல்லது சின்ன இ என்ற ஆன்டிஜென்களைச் செய்கிறது. ஒவ்வொன்றிலும் பத்து எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பு எழுதிய பத்துத் துண்டுகள். இரண்டு ஜீனும் 1ஆவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஆனால் முதுகோடு முதுகு வைத்துக் கட்டியவை. ஒன்று இடமிருந்து வலமாகப் படிக்கப்படும், மற்றது வலமிருந்து இடமாக.

ஒரு காலத்தில் இருந்த ஒரே ஜீன் இரட்டித்ததால் வந்தவை இவை. எலிக்கு இன்னும் ஒன்றுதான். அதனால் எழுத்துக்கு எழுத்து மிக நெருங்கிய ஒற்றுமை. டி புரதத்தில் 417 அமினோ அமிலங்கள் உண்டு. சிஇ புரதத்திலும் அதே 417, வித்தியாசம் முப்பத்துச் சொச்சம் இடங்களில் மட்டுமே. இந்த ஒற்றுமைதான் பிரச்சினையின் வேர். டிஎன்ஏ மடங்கி இரண்டும் எதிரெதிரே வரும்போது, பழுதுபார்க்கும்போது செல் ஒரு ஜீனைப் பார்த்து மற்றதில் நகல் எடுத்துவிடும். டி ஜீனின் நடுவில் சிஇ ஜீனின் துண்டு உட்கார்ந்துவிடும்.

"நெகட்டிவ்காரங்களுக்கு அந்த ஜீன் கெட்டுப் போயிருக்கா, இல்லவே இல்லையா?"

பெரும்பாலும் இல்லவே இல்லை. இதை 1991இல் காட்டினார்கள். ஆர்எச்டி ஜீனுக்கு முன்னும் பின்னும் சுமார் 9,000 எழுத்து நீளத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு பகுதிகள் உண்டு, ரீசஸ் பாக்ஸ் என்று பெயர். என்றோ ஒரு காலத்தில் இந்த இரண்டும் தவறாக ஜோடி சேர்ந்து, இடையில் இருந்த ஜீன் முழுசாகக் கழன்றுவிட்டது. தைத்த இடத்தில் பாதி முன் பெட்டி, பாதி பின் பெட்டி என்று ஒரு கலப்புப் பெட்டி மட்டும் மிச்சம். வாக்னரும் ஃப்ளெகலும் 2000இல் அந்தத் தையலைக் கண்டுபிடித்து எழுதினார்கள்.

ஐரோப்பியர்களில் சுமார் 15 சதவீதம் பேர் நெகட்டிவ், நம் நாட்டில் சுமார் 5 சதவீதம், சீனா, ஜப்பான் பக்கம் 1 சதவீதம்கூடக் கிடையாது. ஆனால் எல்லா ஊரிலும் காரணம் ஒன்றல்ல. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களில் நெகட்டிவ் ஆனவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ஜீன் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் 37 எழுத்துகள் ஒருமுறை கூடுதலாக எழுதப்பட்டு, படிக்க முடியாமல் கிடக்கிறது. பொய் ஜீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிஎன்ஏ சோதனை வரும்போது இவர் மறுபடி வருவார்.

"வீக் டி, பார்ஷியல் டி ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்று அல்ல. டி புரதம் ஊசி நூல் போல சிவப்பணுவின் சவ்வை 12 முறை உள்ளும் வெளியுமாகத் துளைத்துப் போகிறது. வெளியே ஆறு வளையங்கள் எட்டிப் பார்க்கும், இரண்டு நுனியும் உள்ளே. நம் எதிர்ப்புச் சக்தி பார்ப்பது அந்த வெளி வளையங்களை மட்டும்தான்.

மாற்றம் சவ்வுக்குள்ளேயோ அணுவின் உட்பக்கமோ விழுந்தால், புரதம் சவ்வில் சரியாகப் போய் உட்கார முடியாமல் எண்ணிக்கை குறைகிறது, முகம் அதேதான். இது வீக் டி. 1ஆம் வகையில் 270ஆவது அமினோ அமில இடத்தில் வாலினுக்குப் பதில் கிளைசின். 2ஆம் வகையில் 385ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் அலனின். 3ஆம் வகையில் ஆரம்பத்திலேயே, 3ஆவது இடத்தில், செரினுக்குப் பதில் சிஸ்டீன். ஐரோப்பிய வீக் டி-களில் பத்துக்கு ஒன்பது இந்த மூன்றுக்குள் அடங்கும்.

மாற்றம் வெளி வளையத்தில் விழுந்தால், அல்லது நடுவில் சிஇ ஜீனின் துண்டு உட்கார்ந்திருந்தால், முகத்திலேயே ஒரு பகுதி இல்லை. இது பார்ஷியல் டி. எண்ணிக்கை சிலருக்குக் குறைவு, சிலருக்கு நிறையவே இருக்கும். டிVI என்று ஒரு பிரபலமான வகை உண்டு. அதில் ஆர்எச்டி-யின் நடு எக்ஸான்கள் சில சிஇ-யிலிருந்து வந்தவை. இந்த ஆளுக்குச் சாதாரண பாசிட்டிவ் ரத்தம் ஏற்றினால், தன்னிடம் இல்லாத அந்தப் பகுதியை உடம்பு அந்நியன் என்று எடுத்துக்கொண்டு ஆன்டி-டி செய்துவிடும்.

இந்தப் பிரிவினையைக் கல்லில் எழுதியதாக நினைக்க வேண்டாம். வீக் டி என்று பெயர் வைத்த சில வகைகளில் ஆன்டி-டி வந்திருக்கிறது. 4.2 என்ற எண் கொண்ட வகைக்கு வீக் பட்டியலிலும் பார்ஷியல் பட்டியலிலும் பெயர் இருக்கிறது. என்னைக் கேட்டால், பெயரைவிட "இவருக்கு ஆன்டி-டி வருமா?" என்ற கேள்விதான் உருப்படியானது.

"பாசிட்டிவா இருந்துக்கிட்டே எனக்கு ஆன்டி-டி வந்திருக்குன்னு ரிப்போர்ட். எப்படி முடியும்?"

முந்தைய பதிலில் சொன்ன பார்ஷியல் டி ஒரு காரணம். ஆனால் அதுதான் என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்பேன். சமீபத்தில் ஆன்டி-டி ஊசி (நெகட்டிவ் தாய்மாருக்குப் போடுவது) போட்டீர்களா? ஊசி மருந்தே ரத்தத்தில் தெரியும். இரண்டாவது, அது தன் அணுவையே தாக்கும் ஆட்டோ ஆன்டிபாடியா? அது வேறு வியாதி, வேறு வைத்தியம். இந்த இரண்டும் இல்லையென்றால் ஜீன் வகையைப் பார்ப்பது நல்லது. அதுவரை நெகட்டிவ் ரத்தம்தான் ஏற்றுவோம்.

"அப்போ நான் ரத்தம் கொடுக்கும்போது பாசிட்டிவ், வாங்கும்போது நெகட்டிவா? இது என்ன நியாயம்?"

கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் பாதுகாப்பு என்று பார்த்தால் புரியும். நீங்கள் கொடுத்த பை நெகட்டிவ் நோயாளிக்குப் போனால், அதில் இருக்கும் கொஞ்சம் டி-யே அவரை ஆன்டி-டி செய்யத் தூண்டிவிடலாம். அதனால் தானம் கொடுப்பவரிடம் எங்களால் முடிந்த மட்டும் துருவி, டி-யின் வாசனை அடித்தாலே பாசிட்டிவ் லேபிள் ஒட்டுகிறோம். முதல் கட்டத்தில் நெகட்டிவ் என்றால் 37 டிகிரியில் ஊறவைத்து, கழுவி, கூம்ஸ் சீரம் விட்டும் பார்க்கிறோம்.

வாங்கும்போது கேள்வி தலைகீழ். இப்போது தூண்டப்படக்கூடியவர் நீங்கள். உங்கள் டி முழு டி-யா என்று தெரியாதவரை நெகட்டிவ் கொடுப்பது பத்திரம். அதனால்தான் நோயாளிகளுக்கு டிVI-ஐப் பிடிக்காத ஆன்டி-டி-யை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பார்கள், தானம் கொடுப்பவர்களுக்கு அதைப் பிடிக்கும் கலவை. அலமாரியில் இரண்டு பாட்டில் இருப்பது ஆடம்பரத்துக்கு அல்ல.

இதில் ஒரு செலவும் இருக்கிறது. நெகட்டிவ் ரத்தம் குறைவாகக் கிடைக்கும் நம் ஊரில், தேவையில்லாத ஒருவருக்கு அதைக் கொடுத்தால் உண்மையான நெகட்டிவ் ஆள் காத்திருக்க வேண்டும். 2015இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று, வீக் டி 1, 2, 3 என்று ஜீனில் உறுதியானவர்களைப் பாசிட்டிவ் என்றே நடத்தலாம் என்று பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"நம்ம ஊர் ஆளுங்களுக்கும் அந்த 1, 2, 3 தானா?"

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இல்லை. மும்பையில் உள்ள தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனமும் பிரான்ஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தியர்களின் வீக் டி மாதிரிகளைப் பார்த்து 2018இல் எழுதினார்கள். ஐரோப்பாவில் ஆட்சி செய்யும் மூன்று வகைகள் இங்கே ஓரத்தில் நின்றன. பெரும்பான்மையாக வந்தது அதுவரை யாரும் எழுதாத ஒன்று: ஆர்எச்டி ஜீனில் 3ஆவது எக்ஸான் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. அதற்கு வீக் டி 150ஆம் வகை என்று எண் கொடுத்தார்கள்.

ஒரு எக்ஸான் கூடினால் டி ஏன் குறைய வேண்டும்? அந்த எக்ஸானின் நீளம் 151 எழுத்துகள். செல் மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும், 151 மூன்றால் வகுபடாது. கூடுதல் துண்டும் சேர்ந்து படிக்கப்பட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே உளறல். எக்ஸான்களை வெட்டி ஒட்டும்போது கூடுதல் துண்டைத் தாண்டிப் போகும் பிரதிகளிலிருந்துதான் ஒழுங்கான புரதம் வர முடியும்.

நடைமுறையில் இதற்கு ஒரு அர்த்தம் உண்டு. ஐரோப்பிய வகைகளை மட்டும் தேடும் கிட்டை வாங்கி இங்கே சோதித்தால், நிறையப் பேருக்கு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்றே வரும். எழுத்து மாற்றத்தை மட்டும் தேடும் முறை, ஒரு துண்டு கூடுதலாக இருப்பதைக் கவனிக்காமலே போய்விடும். எழுத்து எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது! எத்தனை பிரதி இருக்கிறது என்றும் எண்ண வேண்டும்.

"நாங்க ரெண்டு பேரும் பாசிட்டிவ். குழந்தை நெகட்டிவ். இது சாத்தியமா?"

தாராளமாக. ஒவ்வொருவருக்கும் 1ஆவது குரோமோசோம் இரண்டு. ஒன்றில் டி ஜீன் இருந்தாலே பாசிட்டிவ். இருவருக்குமே மற்றொன்று காலி என்றால், இரண்டு காலியும் ஒரு பிள்ளையிடம் சேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதை வைத்து வீட்டில் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் உரக்கவே சொல்கிறேன்: சந்தேகப்பட இதில் எதுவும் இல்லை.

"சரி, ரெண்டு பேரும் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ்னா?"

பள்ளிப் பாடப் புத்தகத்தின்படி கூடாது. ஆனால் மேலே மூன்றாவது கேள்வியை ஞாபகம் வையுங்கள், "நெகட்டிவ்" என்பது கட்டியாகவில்லை என்பது மட்டும்தான். பெற்றோரில் ஒருவர் தவறவிடப்பட்ட வீக் டி ஆக இருக்கலாம். அதைவிட ஒளிந்த ஒன்று டிஇஎல். அணுவுக்கு சில பத்து டி மட்டுமே. கூம்ஸ் சோதனைக்குக்கூடத் தெரியாது. ஆன்டி-டி-யை அணுவில் ஒட்டவைத்து, பிறகு உரித்தெடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கிழக்காசியாவில் நெகட்டிவ் என்று சொல்லப்படுவோரில் ஏறத்தாழ 10 முதல் 30 சதவீதம் பேர் உண்மையில் இந்த வகை.

இன்னொரு வழியும் உண்டு. டி ஜீன் சாதாரணமாக இருந்தும், எதிர்க் குரோமோசோமில் பெரிய சி இருந்தால் டி-யின் எண்ணிக்கை குறையும். செப்பெல்லினி விளைவு என்பார்கள். ஒரு பலவீனமான டி ஜீன், பெரிய சி துணையோடு அப்பாவிடம் ஒளிந்திருந்து, அந்தத் துணை இல்லாத பிள்ளையிடம் கொஞ்சம் துலக்கமாகத் தெரியலாம். ஆக, குரூப் கார்டை வைத்துக்கொண்டு யாருடைய பிள்ளை என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

"கர்ப்பமா இருக்கேன், வீக் டின்னு சொல்றாங்க. ஆன்டி-டி ஊசி போடணுமா?"

நெகட்டிவ் தாய்க்குப் பொதுவாக 28ஆவது வாரம் ஒன்றும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஒன்றும் போடுவார்கள். குழந்தையின் அணுக்கள் தாயை ஆன்டி-டி செய்யத் தூண்டுவதற்கு முன் அவற்றைத் துடைத்துவிடுவதுதான் ஊசியின் வேலை. 1968 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

வீக் டி 1, 2, 3 என்று ஜீன் சோதனையில் உறுதியானால் மேலே சொன்ன பரிந்துரைப்படி ஊசி வேண்டாம். வகை தெரியவில்லை என்றால், போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். நம் ஊரில் பெரும்பான்மை வகை வேறு என்பதால் "வீக் டிதானே, பாசிட்டிவ் மாதிரிதான்" என்று இணையத்தில் படித்ததை வைத்து ஊசியை மறுக்க வேண்டாம். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கூம்ஸ் ரிப்போர்ட்டையும் காட்டிக் கேளுங்கள்.

"என் ரிப்போர்ட்டுல ஆன்டி-டியும் ஆன்டி-சியும் சேர்ந்து வந்திருக்கு. இனி ஊசியே வேண்டாமாமே?"

அவசரப்பட வேண்டாம். இது இந்தப் பக்கத்தின் மிகச் சிக்கலான கேள்வி, ஆனால் மிகப் பயனுள்ளதும் இதுதான். டி புரதத்திலும் பெரிய சி உள்ள சிஇ புரதத்திலும் 103ஆவது இடத்தில் செரின் இருக்கிறது. இரண்டுக்கும் 2ஆவது எக்ஸான் ஒன்றே, பெரிய சி அதை டி-யிடமிருந்து வாங்கிக்கொண்டது. அந்தச் செரினை ஒட்டிய வடிவத்துக்கு ஜி ஆன்டிஜென் என்று பெயர். சின்ன சி-யில் அதே இடத்தில் புரோலின், அதனால் ஜி கிடையாது.

ஒருவருக்கு ஆன்டி-ஜி வந்தால், டி உள்ள அணுவையும் பிடிக்கும், பெரிய சி உள்ள அணுவையும் பிடிக்கும். பார்ப்பதற்கு ஆன்டி-டி, ஆன்டி-சி இரண்டும் வந்த மாதிரியே தோன்றும். உண்மையில் ஆன்டி-டி இன்னும் வரவில்லை என்றால் அந்தத் தாய்க்கு ஊசி இன்னும் பயன்படும். பிரித்துப் பார்க்க உறிஞ்சி உரிக்கும் சோதனை இருக்கிறது. பெரிய மையங்களில் கேட்டால் செய்வார்கள்.

"சி, இ எல்லாம் எனக்கு எதுக்கு? டி தெரிஞ்சா போதாதா?"

ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு போகிறவருக்குப் பெரும்பாலும் போதும். தலசீமியா பிள்ளைகள் போல மாதாமாதம் ஏற்றுகிறவர்களுக்குப் போதாது. சி-யோ இ-யோ பொருந்தாமல் ஆன்டிபாடி வந்துவிட்டால் அடுத்த பை கிடைப்பது திண்டாட்டம். பெரிய இ, சின்ன இ வித்தியாசம் ஒரே இடத்தில்தான்: 226ஆவதில் புரோலின் இருந்தால் பெரிய இ, அலனின் இருந்தால் சின்ன இ.

டி-யில் இருப்பது போல சி, இ-யிலும் பார்ஷியல் உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியில் சிக்கிள் செல் நோயாளிகள் பலருக்குச் சின்ன இ பாசிட்டிவ் என்றே வரும், ஆனால் அந்த இ முழுமையானது அல்ல. "பொருந்திய" ரத்தம் ஏற்றியும் ஆன்டிபாடி வரும்.

"டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிட்டா ஒரேயடியா தெரிஞ்சிடுமா?"

நிறையத் தெரியும், ஒரேயடியாக அல்ல. முன்பு சொன்ன பொய் ஜீனை நினையுங்கள். "டி ஜீன் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்கும் சோதனை அவரைப் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும், அவர் அசல் நெகட்டிவ். அதனால் ஒரே இடத்தைப் பார்க்காமல் பல எக்ஸான்களைப் பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் ஏமாற்றம் உண்டு. கிழக்காசிய டிஇஎல்-இல் 1227ஆவது எழுத்தில் குவானினுக்குப் பதில் அடினின். இரண்டு எழுத்திலும் வருவது அதே லைசின்தான், அதாவது அமினோ அமிலம் மாறவே இல்லை. பாடப் புத்தகம் அதை மௌன மாற்றம் என்று தள்ளிவிடும். ஆனால் அந்த எழுத்து 9ஆவது எக்ஸானின் கடைசி எழுத்து. வெட்டி ஒட்டும் இயந்திரம் அங்கே தடுமாறி அந்த எக்ஸானையே பெரும்பாலும் விட்டுவிடுகிறது, டி ஏறக்குறைய காணாமல் போகிறது. இதுவரை பட்டியலிட்ட ஆர்எச்டி வடிவங்கள் சில நூறு. அதனால் ஜீன் ரிப்போர்ட்டையும் பழைய கட்டிச் சோதனையையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

"வயித்துல இருக்கிற குழந்தை குரூப்பை அம்மா ரத்தத்துலயே பார்க்கலாமாமே?"

பார்க்கலாம். கருவின் டிஎன்ஏ துண்டுகள் தாயின் பிளாஸ்மாவில் (அணுக்கள் நீங்கிய ரத்த நீரில்) மிதக்கின்றன என்று 1997இல் டென்னிஸ் லோ குழுவினர் காட்டினார்கள். தாய்க்கு டி ஜீனே இல்லை என்றால், அவர் பிளாஸ்மாவில் கிடைக்கும் ஆர்எச்டி துண்டு குழந்தையுடையதுதான். குழந்தையும் நெகட்டிவ் என்று தெரிந்தால் ஊசியே வேண்டாம். சில ஐரோப்பிய நாடுகளில் இது வழக்கமாகிவிட்டது.

எங்கே சறுக்கும் என்று இதற்குள் நீங்களே சொல்லியிருப்பீர்கள். தாயிடம் பொய் ஜீனோ டிஇஎல்லோ இருந்தால் பிளாஸ்மா முழுக்க அவருடைய ஆர்எச்டிதான் நிறைந்திருக்கும். அதில் குழந்தையின் குரல் கேட்காது.

"கோல்டன் பிளட், பம்பாய் குரூப் எல்லாம் இந்த வகைதானா?"

முதலாவது ஆம், இரண்டாவது இல்லை. கோல்டன் பிளட் என்று பத்திரிகைகள் எழுதுவது ஆர்எச் நல். டி மட்டுமல்ல, சி, இ எதுவுமே இருக்காது. 1961இல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவரிடம் முதலில் தெரிந்தது. பலருக்குக் காரணம் ஆர்எச் ஜீன்களே அல்ல, 6ஆவது குரோமோசோமில் உள்ள ஆர்எச்ஏஜி என்ற துணை ஜீன். அதன் புரதம் கைபிடித்துக் கூட்டிப் போனால்தான் டி-யும் சிஇ-யும் சவ்வுக்கு வந்து சேரும். பெயர்தான் தங்கம், அவர்களுக்கு லேசான ரத்தசோகையும், ரத்தம் தேவைப்பட்டால் பெரும் அலைச்சலும்தான் மிச்சம்.

பம்பாய் குரூப் 1952இல் மும்பையில் கண்டது. அது ஏபிஓ-வுக்கு அடித்தளமான எச் ஆன்டிஜென் இல்லாத நிலை, ஜீன் 19ஆவது குரோமோசோமில். அவர்களிலும் டி பாசிட்டிவ், டி நெகட்டிவ் இரண்டும் உண்டு.

"கடைசியா, என் கார்டுல என்னதான் எழுதிக்கிறது?"

வீக் டி என்று உறுதியானால் "டி பாசிட்டிவ்" அல்லது "டி நெகட்டிவ்" என்று மட்டும் எழுதி லேமினேட் பண்ண வேண்டாம். "வீக் டி, தானம் கொடுக்கும்போது பாசிட்டிவ்" என்று எழுதுங்கள். ஜீன் வகை தெரிந்தால் அதன் எண்ணையும் சேருங்கள். எப்போதாவது ஆன்டிபாடி வந்திருந்தால் அதன் பெயர், கண்டுபிடித்த தேதி இரண்டும் இருக்கட்டும். ஆன்டிபாடி வருஷக்கணக்கில் மங்கி, சோதனையில் தெரியாமல் போகும். உடம்பு மட்டும் மறக்காது. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் அந்தக் காகிதத்தை முதலில் ஜன்னலில் நீட்டுங்கள், குரூப்பை நாங்கள் எப்படியும் மறுபடி பார்ப்போம்.